லெஸ்டர் கிழக்கில் கட்சி மாறியது யார்? தேர்தல் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேர்தல் முடிவுகளை அலசப் பழகும் இளைஞர்கள் நால்வருக்கு ஒரு பயிற்சி கொடுத்திருந்தேன். இங்கிலாந்தின் லெஸ்டர் கிழக்குத் தொகுதியில், லேபர் கட்சியோடு நின்ற இந்திய வம்சாவளித் தொழிலாளர் குடும்பங்கள் எப்போது, எவ்வளவு விலகின? 2024-இல் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு மாறிவிட்டன என்ற ஒரே விடையோடு மூவர் வந்தார்கள். அது நான் ஒரு காலத்தில் எழுதியிருக்கக்கூடிய விடை என்பதால்தான் இதை எழுதுகிறேன். கூட்டல் பிழைகளை விட்டுவிடுகிறேன். அவை தாமாகத் திருந்தும்.

தொகுதி கைமாறிய நாளே வாக்காளர் மாறிய நாள் என்று எழுதுவது

1987 முதல் ஒவ்வொரு பொதுத்தேர்தலிலும் லேபர் வென்றுவந்த தொகுதி இது. 2024 ஜூலையில் கன்சர்வேட்டிவ் வேட்பாளர் சிவானி ராஜா இங்கே வென்றார். நாடு முழுக்கத் தோற்றுக்கொண்டிருந்த அந்தக் கட்சி, அந்தத் தேர்தலில் புதிதாகப் பிடித்த ஒரே தொகுதி இதுதான். உடனே, ‘இந்து வாக்குகள் கன்சர்வேட்டிவ் பக்கம் சாய்ந்தன’ என்று எழுதிவிடுகிறார்கள்.

எண்களைப் பாருங்கள். 2017-இல் அந்தக் கட்சி பெற்றது 24 சதவீதம். 2019-இல் 38.6. வென்ற 2024-இலோ 31 சதவீதம்தான். வாக்கு எண்ணிக்கையும் 19,071-லிருந்து 14,526 ஆகச் சரிந்தது. வாக்குகளை இழந்துகொண்டே வென்றிருக்கிறது. காரணம், எதிர்ப்பக்கம் சிதறியது. லேபருக்கு 10,100, முன்பு இதே தொகுதியின் லேபர் எம்.பி.க்களாக இருந்து இம்முறை லேபரை எதிர்த்து நின்ற கிளாடியா வெப்புக்கு 5,532, கீத் வாஸுக்கு 3,681. மூன்றையும் கூட்டினால் 19,000-ஐத் தாண்டுகிறது. அத்தனையும் ஒரே பெட்டியில் விழுந்திருக்கும் என்று சொல்லவில்லை. ‘சாய்ந்தன’ என்ற சொல்லை இந்த எண்கள் தாங்கா என்கிறேன்.

உண்மையான நகர்வு 2019 டிசம்பரில் நடந்தது. லேபர் 67 சதவீதத்திலிருந்து 51-க்கு வந்தது. அந்த செப்டம்பரில் காஷ்மீரில் சர்வதேசத் தலையீடு கோரி லேபர் மாநாடு நிறைவேற்றிய தீர்மானம் இந்துக் குடும்பங்கள் பலவற்றைப் புண்படுத்தியிருந்தது. வாஸ் விலகிய இடத்தில், லண்டன் இஸ்லிங்டனில் நகர்மன்ற உறுப்பினராக இருந்த வெப் நிறுத்தப்பட்டதில் உள்ளூர்க் கட்சிக்காரர்களுக்கும் மனத்தாங்கல். ஆனாலும் லேபர் வென்றது. அன்றிரவு நான் எழுதியது ஒரே வரி: ‘லெஸ்டர் கிழக்கை லேபர் தக்கவைத்தது.’ பதினாறு புள்ளிச் சரிவு என் கண்முன்னே இருந்தது; வெற்றி பெற்றவர் யார் என்பதை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டேன். 2023 லெஸ்டர் நகர்மன்றத் தேர்தலில் கன்சர்வேட்டிவ்களுக்கு 17 இடங்கள் கிடைத்தபோது எல்லோரும் திடுக்கிட்டார்கள். திடுக்கிட ஒன்றுமில்லை, நாலு வருடமாகக் கண்ணெதிரே இருந்த செய்தி அது. இன்றும் இதை நினைத்தால் எனக்கு ஆற்றாமைதான்.

‘எந்தக் கட்சிக்குப் போட்டீர்கள்?’ என்று ஒரே கேள்வியோடு திரும்புவது

லெஸ்டரின் பெல்கிரேவ் சாலையில், புடவைக் கடைகளுக்கு நடுவே ஒரு தேநீர்க் கடையில் முதியவர் ஒருவரைச் சந்தித்தேன். 1972-இல் இடி அமீன் ஆசியர்களை விரட்டியபோது கம்பாலாவிலிருந்து வந்தவர். பின்னலாடை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய தொழிற்சங்க அட்டை இன்னும் பணப்பையில் இருந்தது; ஓரங்கள் நைந்து துணிபோல ஆகியிருந்தன. லேபரை விட்டுவிட்டேன் என்றார். அதோடு எழுந்திருந்தால் அவரைக் கன்சர்வேட்டிவ் கணக்கில் சேர்த்திருப்பேன். ஆண்டு ஆண்டாகக் கேட்டேன். 2017-இல் லேபர். 2019-இல் வாழ்க்கையில் முதல் தடவையாக வாக்குச்சாவடிக்கே போகவில்லை. 2024-இல் வாஸுக்குப் போட்டார். கன்சர்வேட்டிவ் சின்னத்தின் மேல் அவர் பென்சில் பட்டதே இல்லை.

வாக்களிக்காதவர்களை மறப்பது

லெஸ்டர் கிழக்கில் 2017-இல் பதிவான வாக்குகள் 52,000-க்கு மேல்; 2024-இல் 47,000-க்கும் கீழே. லேபர் இழந்த வாக்கெல்லாம் வேறு கட்சிக்குப் போனதாகக் கொள்ள முடியாது.

‘ஆசிய வாக்கு’ என்று ஒரே மூட்டையாகக் கட்டுவது

அடுத்த தொகுதியான லெஸ்டர் தெற்கிலும் அதே இரவில் லேபர் தோற்றது. வென்றவர் காசாவை முன்வைத்துத் தனித்து நின்ற ஷோக்கத் ஆதம். வித்தியாசம் 979 வாக்குகள். ஒரே நகரம், ஒரே இரவு; லேபர் தோற்ற விதமோ வேறு வேறு.

தெருவாரியாகக் கதை கட்டுவது

நம் ஊரில் தேர்தல் ஆணையத்தின் முடிவுத்தாளான படிவம் 20-ஐப் புரட்டினால் வாக்குச்சாவடி வாரியாகக் கணக்கு கிடைக்கும். பிரிட்டன் பொதுத்தேர்தலில் பெட்டிகளைக் கலந்துதான் எண்ணுகிறார்கள். தொகுதி மொத்தம் மட்டுமே வெளிவரும். ‘பெல்கிரேவ் தெருக்கள் இப்படி வாக்களித்தன’ என்று ஒருவர் எழுதினால் எங்கிருந்து எடுத்தார் என்று கேளுங்கள். வார்டு அளவிலான கணக்கு வேண்டுமென்றால் நகர்மன்றத் தேர்தல் முடிவுகளுக்குத்தான் போக வேண்டும். நால்வரில் ஒரு பெண் மட்டும் அதைத் தேடி எடுத்து வந்திருந்தாள்.