ஸ்பிளங்க் இன்டெக்ஸ் டிஸ்க்கை நிரப்பிவிட்டதா? எதையும் அழிக்க முன்னர் இதைப் பாருங்கள்

திருகோணமலை உப்புவெளியில் ஒரு கடற்கரை விடுதி என்று வைத்துக்கொள்வோம். விருந்தினர் வைஃபை ரவுட்டர்களின் லொக்குகள் (செயற்பாட்டுப் பதிவுகள்) எல்லாம் 100 ஜிபி டிஸ்க் உள்ள ஒரு லினக்ஸ் சேவருக்கு வந்து, லொக்குகளைச் சேர்த்துத் தேடும் மென்பொருளான ஸ்பிளங்க்கில் சேர்கின்றன. அவற்றை ஸ்பிளங்க் வைத்திருக்கும் களஞ்சியந்தான் இன்டெக்ஸ். மார்கழி மழையில் அறைகள் காலியாக இருக்கும்போது எல்லாம் ஒழுங்காக ஓடும். மே முதல் செப்டெம்பர் வரை சுற்றுலாக் காலம், லொக் மளமளவென்று ஏறும். ஒருநாள் தேடல் வேலை செய்யாது, புது லொக்கும் ஏறாது.

அப்போது பலரும் முதலில் செய்வது, டிஸ்க்குக்குள் போய்ப் பெரிய கோப்புகளை அழிப்பது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் இன்டெக்ஸின் கோப்புகளில் பாதியை எடுத்தால் மீதியும் கெட்டுப்போகலாம்.

திரையில் அமைப்புப் பெயர்கள் ஆங்கிலத்தில், பெரும்பாலும் இடைவெளி இல்லாமல் ஒட்டியபடி இருக்கும். இங்கே உச்சரிப்பை மட்டும் எழுதுகிறேன்.

படி 1: எந்த ஃபோல்டர் நிரம்பியது?

ஸ்பிளங்க் வெப்பின் மேல் பட்டியில் மெசேஜஸ் என்று இருக்கும், அதைத் திறவுங்கள். டிஸ்க்கில் 5000 எம்பிக்குக் கீழே இடம் போனால் ஸ்பிளங்க் லொக் ஏற்றுவதையும் தேடுவதையும் தானாகவே நிறுத்திவிடும். அந்தச் செய்தியிலேயே ஃபோல்டரின் பாதையும் இருக்கும். "வார், லிப், ஸ்பிளங்க்" என்று போனால் அது இன்டெக்ஸ் தரவு. "டிஸ்பாட்ச்" என்று முடிந்தால் அது தேடல் முடிவுகளின் தற்காலிக இடம்.

இரண்டும் ஒரே டிஸ்க்கில் இருந்தால் பாதையை மட்டும் நம்ப வேண்டாம், இரண்டு ஃபோல்டர்களின் அளவையும் பார்த்துவிடுங்கள். டிஸ்பாட்ச்தான் பெரிது என்றால் அக்டிவிட்டி மெனுவில் ஜொப்ஸ் போய்ப் பழைய தேடல்களை அழித்தால் போதும், லொக் எதுவும் போகாது.

5000 என்ற எண்ணைக் குறைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டிஸ்க் முழுக்க நிரம்பினால் லினக்ஸே திணறும்.

படி 2: எந்த இன்டெக்ஸ்?

செட்டிங்ஸ், அதற்குள் இன்டெக்ஸஸ். ஒவ்வொரு இன்டெக்ஸின் தற்போதைய அளவு, உச்ச அளவு, மிகப் பழைய பதிவு, மிகப் புதிய பதிவு எல்லாம் ஒரே அட்டவணையில் இருக்கும். உச்ச அளவு என்ற நிரலைப் பாருங்கள். நீங்கள் எதையும் மாற்றாவிட்டால் அங்கே ஏறக்குறைய 500 ஜிபி இருக்கும். வயது வரம்போ ஏறக்குறைய 6 ஆண்டுகள்.

பெரும்பாலான சிக்கலின் வேர் இதுதான். 100 ஜிபி டிஸ்க்கில் 500 ஜிபி வரம்பு ஒருநாளும் எட்டப்படாது. அதனால் ஸ்பிளங்க் பழைய தரவை விடுவிக்கவே விடுவிக்காது.

படி 3: பக்கெட்

ஒரு இன்டெக்ஸ் என்பது பல பக்கெட்டுகள், அதாவது பதிவுகளைக் காலவாரியாக வைக்கும் ஃபோல்டர்கள். புதிது எழுதப்படுவது ஹொட், மூடியது வோர்ம், பழையது கோல்ட், காலாவதியானது ஃபுரோசன். வேறு எதுவும் சொல்லி வைக்காவிட்டால் ஃபுரோசன் ஆவதென்றால் அழிந்துபோவதுதான்.

அளவு வரம்பு, வயது வரம்பு இரண்டில் எது முதலில் வருகிறதோ அதன்படி பழைய பக்கெட் முழுசாகப் போகும். வயதைக் கணக்கிடுவது பக்கெட்டில் உள்ள மிகப் புதிய பதிவை வைத்து. ஒரு ஹொட் பக்கெட் 90 நாள் வரையான பதிவுகளை வைத்திருக்கக்கூடும். எனவே கொஞ்சமாக லொக் வரும் இன்டெக்ஸில் 30 நாள் வரம்பு போட்டாலும் பழையது உடனே போகாது. அது கோளாறு இல்லை.

படி 4: கணக்குப் போடுங்கள்

இதற்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். கணக்கை ஓகஸ்ட் மாத லொக்கை வைத்துப் போடுங்கள், நவம்பரை வைத்து வேண்டாம். நவம்பர் கணக்கில் வரம்பு வைத்தால், ஓகஸ்டில் அளவு வரம்பு முந்திக்கொண்டு, நீங்கள் வைத்திருக்க நினைத்த மாதங்களை அழித்துவிடும்.

இலவச லைசன்ஸில் ஒரு நாளைக்கு 500 எம்பி வரை ஏற்றலாம். ஓகஸ்டில் நாளொன்றுக்கு 400 எம்பி வருகிறது என்போம். டிஸ்க்கில் இது சுமார் பாதியாகச் சுருங்கும், அதாவது 200 எம்பி. 180 நாளுக்கு 36 ஜிபி. கொஞ்சம் தாராளமாக 45 ஜிபி வைக்கலாம். பாதி என்பது பொதுவான மதிப்புத்தான், உங்கள் லொக்கின் வகையைப் பொறுத்து மாறும். ஒரு வாரம் படி 2இன் அட்டவணையைப் பார்த்து உண்மையான எண்ணைப் பிடியுங்கள்.

படி 5: வரம்பை வையுங்கள்

இன்டெக்ஸஸ்.கொன்ஃப் கோப்பை லோக்கல் ஃபோல்டரில் திருத்துங்கள். டிஃபோல்ட் ஃபோல்டரில் உள்ளதைத் தொட வேண்டாம், அடுத்த அப்டேட்டில் அது மேலெழுதப்படும். உங்கள் இன்டெக்ஸின் பெயருக்குக் கீழே மெக்ஸ் டோட்டல் டேட்டா சைஸ் எம்பி என்பதற்கு 45000. ஃபுரோசன் டைம் பீரியட் என்று தொடங்கும் அமைப்புக்கு 15552000, அதாவது 180 நாள் விநாடிகளில்.

சரி, இப்போது நிறுத்துங்கள். ரீஸ்டார்ட் செய்தவுடன் வரம்பைத் தாண்டிய தரவு போய்விடும், திரும்ப வராது. பழையது தேவை என்றால் கோல்ட் டு ஃபுரோசன் டிர் என்ற அமைப்பில் வேறொரு டிஸ்க்கின் பாதையைக் கொடுத்த பின்னரே ரீஸ்டார்ட் செய்யுங்கள். அந்த இடத்தை ஸ்பிளங்க் துப்புரவு செய்யாது, அது உங்கள் பொறுப்பு. அதே டிஸ்க்கைக் கொடுத்தால் ஒரு பயனும் இல்லை.

இன்னொன்று: தேடல் பெட்டியில் வரும் டிலீட் கட்டளை பதிவுகளைத் தேடலில் இருந்து மறைக்கும், அவ்வளவுதான். டிஸ்க்கில் ஒரு எம்பிகூடக் குறையாது.

படி 6: விடுபட்ட லொக்

ரீஸ்டார்ட் முடிந்து கொஞ்ச நேரத்தில் அட்டவணையில் மிகப் புதிய பதிவின் நேரம் நகர வேண்டும். கோப்பில் இருந்து படிக்கும் லொக் என்றால், அந்தக் கோப்பு இன்னும் அழியாமல் இருக்கும்வரை, ஸ்பிளங்க் விட்ட இடத்தில் இருந்து தொடரும். ஆனால் ரவுட்டர்கள் யூடிபி சிஸ்லொக்கில் (வலையமைப்பு வழியே லொக் அனுப்பும் ஒரு முறை) நேரே ஸ்பிளங்க்குக்கு அனுப்பினால், நின்றிருந்த நேரத்து லொக் போனது போனதுதான். யூடிபியில் மறுபடி அனுப்பும் வழக்கம் இல்லை. அதற்கு லொக்கைப் பெற்று எழுதும் ஆர்சிஸ்லொக் என்ற லினக்ஸ் மென்பொருளைப் போட்டு முதலில் ஒரு கோப்பில் எழுத வைத்து, அந்தக் கோப்பை ஸ்பிளங்க் படிக்கும்படி மாற்றுங்கள். முடிந்தால் அந்தக் கோப்பு வேறு டிஸ்க்கில் இருக்கட்டும், பழைய லொக் கோப்புகளை அழிக்கும் லொக்ரொட்டேட் என்ற கருவியில் ஏழு நாள் போதும்.