கஞ்சா வெண்ணெய்: எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம்

பச்சை மொட்டில் இருப்பது பெரும்பாலும் டிஎச்சிஏ என்ற அமிலம். அதனால் போதை வராது. சூடு பட்டு, கரியமில வாயு பிரிந்த பிறகுதான் அது போதை தரும் டிஎச்சி ஆகிறது. வெண்ணெயின் இளஞ்சூட்டில் இது அரைகுறையாகவே நடக்கும். அதனால் முதலில் ஓவன். (இதெல்லாம் சட்டம் அனுமதிக்கும் ஊர்களுக்கு மட்டும்.)

7 கிராம் காய்ந்த மொட்டை அரிசி அளவுக்கு உதிர்த்துக்கொள்ளுங்கள். பொடித்தால் வடிதுணி வழியே இறங்கிவிடும். தட்டில் பரப்பி, அலுமினியத் தாளால் மூடி, 115 டிகிரி செல்சியஸில் 40 நிமிடம். ஓவன் குமிழ் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம், 15 டிகிரி தவறுவது சாதாரணம்; உள்ளே தனி தெர்மாமீட்டர் வையுங்கள். பச்சை மங்கி வெளிர் பழுப்பானால் சரி. கரும்பழுப்பு என்றால் சூடு மிஞ்சி, டிஎச்சியில் ஒரு பங்கு வீரியம் குறைந்த சிபிஎன் ஆகிவிட்டது.

250 கிராம் உப்பில்லா வெண்ணெயை ஒரு கப் தண்ணீரோடு உருக்கி மொட்டைச் சேர்த்து, 80–90 டிகிரியில் 2 மணி நேரம் வையுங்கள். ஓரத்தில் சின்னக் குமிழ் வரலாம், தளதளவென்று கொதிக்கக் கூடாது. தண்ணீர் இருக்கும்வரை சூடு 100ஐத் தாண்டாது. கசப்பில் கொஞ்சத்தையும் அதுவே இழுத்துக்கொள்ளும். டிஎச்சி தண்ணீரில் கரையாது. பலருக்குக் கெடுவது தண்ணீர் வற்றி அடிப்பிடிப்பதால்தான், எனவே அவ்வப்போது வெந்நீர் ஊற்றுங்கள்.

துணியில் வடிகட்டுங்கள், முறுக்கிப் பிழிந்தால் பச்சைக் கசப்பு இறங்கும். இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்து, மேலே உறைந்த வில்லையை எடுத்து ஈரம் துடையுங்கள். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும்.

இனி கணக்கு. மொட்டில் 15 சதவீதம் டிஎச்சிஏ என்றால் 7 கிராமில் 1,050 மில்லிகிராம். வாயு போன எடைக்கு 0.877ஆல் பெருக்கினால் சுமார் 920 மில்லிகிராம் டிஎச்சி. அத்தனையும் வெண்ணெயில் இறங்காது. ஆனாலும் இறங்கியதாகவே கணக்கிடுங்கள். கிடைத்த வெண்ணெயை எடைபோட்டு வகுக்க வேண்டும்: 200 கிராம் என்றால் கிராமுக்கு 4.6 மில்லிகிராம். ஒரு டீஸ்பூனில் 23 மில்லிகிராம்! புதியவருக்கு 2.5 மில்லிகிராம் போதும், அதாவது அரை கிராம் வெண்ணெய். தின்று 2 மணி நேரம்கூட ஒன்றும் தெரியாமல் இருக்கலாம்; அதற்குள் இன்னொரு துண்டு எடுப்பவர்தான் அவதிப்படுவார். அன்று வண்டி ஓட்டவே கூடாது.

இதில் எதையும் வறுக்காதீர்கள், வீரியம் வாணலியிலேயே போய்விடும். கேக்குக்குப் பயமில்லை: ஓவன் 175 டிகிரியில் இருந்தாலும் மாவின் உட்புறம் 100ஐ எட்டாது. டப்பாவில் பெயரும் அளவும் எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். பார்வைக்கு இது வெறும் பச்சை வெண்ணெய்தான்.