இமைகள் ஏற்றத்தாழ்வாக இருந்தால்: சத்திரசிகிச்சைக்கு முன் அளந்து பாருங்கள்

இரண்டு இமைகளும் அச்சாக ஒரே மட்டத்தில் இருக்கும் முகங்கள் குறைவு. வித்தியாசம் 1 மில்லிமீற்றருக்குள் என்றால் சத்திரசிகிச்சை வேண்டாம். வெட்டித் தைத்த பிறகும் அவ்வளவு வித்தியாசம் மிஞ்சக்கூடும்.

கைத்தொலைபேசியைக் கிட்டப் பிடித்து நீங்களே எடுத்த படத்தை நம்ப வேண்டாம், அதில் முகம் கோணும். ஒன்றரை மீற்றர் தள்ளி நின்று, உங்கள் கண் மட்டத்தில் பிளாஷ் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். நெற்றியில் சிறிய அடிமட்டம் ஒன்றை ஒட்டிக்கொண்டு, புருவத்தை உயர்த்தாமல் நேரே பாருங்கள். கருவிழியில் தெரியும் வெளிச்சப் புள்ளியிலிருந்து மேல் இமையின் விளிம்புவரை 4 முதல் 5 மில்லிமீற்றர் இருப்பது வழமை.

அடுத்து, தொங்குவது தோலா, இமையேதானா என்று பாருங்கள். தோல் மடிப்பை விரலால் மெல்ல உயர்த்தியதும் விளிம்புகள் சமமாகத் தெரிந்தால் மிகுதித் தோலோ இறங்கிய புருவமோதான் காரணம். விளிம்பே தாழ்ந்திருந்தால் இமையைத் தூக்கும் தசை பலவீனம். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. தசை பலவீனமானவருக்குத் தோலை மட்டும் வெட்டினால் இமை அப்படியே தாழ்ந்திருக்கும்.

தாழ்ந்த இமையை விரலால் தூக்கும்போது மற்றக் கண்ணின் இமை இறங்குகிறதா என்றும் கவனியுங்கள். மூளை இரு இமைகளுக்கும் ஒரே அளவு விசையை அனுப்புவதால் இப்படி நடக்கும். இதைக் கவனிக்காமல் ஒரு பக்கம் மட்டும் செய்தால், பிறகு மறுபக்கம் தொங்கும். சிலருக்குத் தாழ்ந்த கண்ணில் குறையே இராது. தைரொயிட் நோயால் மற்ற இமை மேலே ஏறியிருக்கும். ஆகவே இரத்தப் பரிசோதனை முக்கியம்.

மாலையில் கூடுதலாகத் தொங்குவது, தசைகள் விரைவில் களைத்துப்போகும் நோயாகவும் (மயஸ்தீனியா) இருக்கலாம். திடீரென இமை இறங்கி, இரட்டைப் பார்வை, தலையிடி, கண்மணிகளின் அளவில் வித்தியாசம் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே அருகிலுள்ள பெரிய வைத்தியசாலையின் (திருகோணமலையில் என்றால் மாவட்டப் பொது வைத்தியசாலையின்) அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். குழந்தையின் கண்மணியை இமை மறைத்தால் பார்வை வளராது; அதையும் தள்ளிப்போடக் கூடாது.

இமை பார்வையை மறைக்கிறது, நாள் முழுதும் புருவத்தை உயர்த்தி நெற்றி வலிக்கிறது, அல்லது 2 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட வித்தியாசம் உண்மையிலேயே மனதை வருத்துகிறது என்றால் சத்திரசிகிச்சையை யோசிப்பது நியாயம். அழகு நிலையத்தில் அல்ல, இமைச் சத்திரசிகிச்சையில் பழகிய கண் வைத்திய நிபுணரிடம்.

தையல் பிரிக்க 5 முதல் 7 நாள், வீக்கம் பெரும்பாலும் வடிய இரண்டு வாரம், இறுதி வடிவம் தெரிய மூன்று மாதமாவது ஆகும். கொழும்பில் செய்தால் அன்றிரவே ஊருக்குப் பஸ் ஏறாதீர்கள். கண்ணுக்குப் பின்னால் இரத்தம் கசிவது அரிது, ஆனால் பார்வையையே பறிக்கும். அந்த ஆபத்து முதல் 24 மணித்தியாலத்தில்தான் அதிகம். கடும் வலி, கண் பிதுங்கல், பார்வை மங்கல் கண்டால் உடனே திரும்பிப் போகக்கூடிய தூரத்தில் தங்குங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது.

தோலை அதிகம் எடுத்தால் கண் முழுதாக மூடாது. புருவத்துக்கும் இமைமயிருக்கும் இடையில் கிட்டத்தட்ட 20 மில்லிமீற்றர் மிஞ்ச வேண்டும்; எவ்வளவு எடுக்கப்போகிறார் என்று வைத்தியரிடமே கேளுங்கள். ஏற்கெனவே கண் வறட்சி உள்ளவர்கள் வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களைத் தவிர்ப்பது நல்லது.