பெட்ரோல்தான் வேண்டாம், எண்ணெய் வேண்டும்: மின்சாரச் செயின்சாவைக் கெடுக்கும் தவறுகள்

சிங்கப்பூரில் செயின்சா வைத்திருக்கும் வீடுகள் குறைவுதான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் அதற்கு வேலையே இல்லை. தரைவீட்டில் ஒரு மாமரமோ ரம்புத்தானோ நின்றால் கதை வேறு. சுமத்ரா காற்று அடித்து ஓய்ந்தால் ஒடிந்த கிளை வாசலை மறித்துக் கிடக்கும். ஒவ்வொரு தடவையும் ஆள் கூப்பிட்டுக் கட்டுப்படியாகாது என்று பலர் சின்னதாக ஒரு மின்சாரச் செயின்சா வாங்கிவிடுகிறார்கள். வாங்கியதோடு சரி. கரண்டில் ஓடுவதுதானே, இதில் பராமரிக்க என்ன இருக்கிறது என்ற நினைப்பு.

மோட்டார் வந்ததால் நமக்கு இல்லாமல் போனது கார்புரேட்டர், ஸ்பார்க் பிளக், காற்று வடிகட்டி, எரிபொருள் கலக்கும் வேலை ஆகியவை மட்டுமே. செயின், அது சுற்றி ஓடும் நீளமான தட்டை உலோகத் தகடான பார், செயினை இழுக்கும் பல்சக்கரம் மூன்றும் பெட்ரோல் மெஷினில் இருப்பவைதான். கெடுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு எண்ணெயை மறப்பது. பெட்ரோல் செயின்சாவில், ஒரு டேங்க் பெட்ரோல் தீரும்வரை செயின் எண்ணெய் தாங்கும்படி அளவு வைத்திருப்பார்கள். பெட்ரோல் ஊற்றும்போதே எண்ணெயையும் ஊற்றிவிடுவது பழக்கமாகிவிடும். மின்சார மெஷினில் அப்படி நினைவூட்ட எதுவும் இல்லை. வயரைச் செருகினால் நாள் முழுக்க ஓடும். எண்ணெய் தீர்ந்தாலும் ஓடும். பார் நீலம் பாய்ந்து, புகை வந்த பிறகுதான் தெரியும். புது மெஷின் பெரும்பாலும் காலி டேங்க்கோடுதான் வருகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். பேட்டரி வகை என்றால் பேட்டரி மாற்றும் ஒவ்வொரு தடவையும், வயர் வகை என்றால் தண்ணீர் குடிக்க நிறுத்தும்போதெல்லாம், எண்ணெய் அளவு தெரியும் கண்ணாடியை ஒரு பார்வை பாருங்கள்.

எந்த எண்ணெய் என்பது அடுத்த கேள்வி. செயினுக்கென்றே விற்கும் எண்ணெயில் ஒட்டும் தன்மை சேர்த்திருப்பார்கள். செயின் பாரின் முனையில் வேகமாகத் திரும்பும்போது சாதாரண எண்ணெய் தெறித்துப் போய்விடும்; இது ஒட்டிக்கொண்டிருக்கும். காரிலிருந்து வடித்த பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றும் சிக்கனக்காரர்கள் உண்டு. அதில் உலோகத் துகளும் கசடும் இருக்கும், பம்பைத் தேய்க்கும். அதைவிட முக்கியம், செயினில் போகும் எண்ணெய் முழுவதும் கடைசியில் மண்ணில்தான் விழுகிறது. பக்கத்தில் கறிவேப்பிலைச் செடி இருந்தால் யோசியுங்கள். சமையல் எண்ணெய் அவசரத்துக்கு உதவும், ஆனால் அப்படியே மாதக்கணக்கில் விட்டால் பிசினாக இறுகி எண்ணெய்த் துளையை அடைத்துவிடும்.

எண்ணெய் வருகிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்க வேண்டாம். ஒரு வெள்ளை அட்டைக்கு நேராக, அதைத் தொடாமல் பார் முனையைக் காட்டிச் சில விநாடிகள் ஓட்டுங்கள். அட்டையில் மெல்லிய எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழவில்லை என்றால் கரண்டைத் துண்டித்து, மூடியைக் கழற்றி, பாரிலுள்ள துளையையும் பள்ளத்தையும் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். சும்மா வைத்திருக்கும்போது எண்ணெய் கசிவது பெரும்பாலும் பழுதல்ல. டேங்க்கை வடித்துவிட்டு, அடியில் ஓர் அட்டையைப் போட்டு வைத்தால் போதும்.

அடுத்தது, மழுங்கிய செயினோடு மல்லுக்கட்டுவது. கூரான செயின் தானே மரத்துக்குள் இறங்கும், சீவல் சீவலாகத் தள்ளும். அழுத்த வேண்டியிருந்தால், மாவு மாதிரி தூள் கொட்டினால், வெட்டு ஒரு பக்கமாக வளைந்து போனால், தீட்ட வேண்டும் என்று பொருள். இங்கே பெட்ரோல் மெஷினைவிட மின்சார மெஷினுக்குத்தான் ஆபத்து அதிகம், ஏனென்றால் நாம் அழுத்த அழுத்த மோட்டார் சூடேறும். விழுந்த கிளையைத் தரையில் வைத்து அறுக்கும்போது நுனி ஒரே ஒரு தடவை மண்ணிலோ கால்வாய் விளிம்பிலோ பட்டால் போதும், கூர் போய்விடும். தீபாவளி விளக்கு மாட்ட எப்போதோ அடித்த ஆணி மரத்துக்குள் புதைந்து கிடப்பதும் உண்டு. கிளைக்கு அடியில் ஒரு கட்டையைக் கொடுத்து உயர்த்திவிட்டு அறுங்கள்.

தீட்டுவதற்குச் சரியான தடிமனில் வட்ட அரம் வேண்டும். சிறிய மின்சார மெஷின்கள் பலவற்றுக்கு 4 மி.மீ. அரம் பொருந்தும், ஆனாலும் கையேட்டைப் பார்த்து வாங்குங்கள். கையுறை போட்டுக்கொண்டு, முதல் பல்லில் மார்க்கரால் அடையாளம் இட்டு, அரத்தை முன்னோக்கி மட்டும் தள்ளுங்கள். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சிறு மேடு இருக்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அதுதான் கட்டுப்படுத்துகிறது. பல்லைவிட அது பெரும்பாலும் 0.65 மி.மீ. தாழ்ந்திருக்கும். வேகமாக வெட்டட்டும் என்று அதை அதிகம் ராவினால் பல் ஆழமாகக் கடிக்கும், மெஷின் எகிறி முகத்தை நோக்கி வரும். அளவுக் கருவி கையில் இல்லாமல் அந்த மேட்டைத் தொடாதீர்கள்.

செயின் இறுக்கத்தைச் சூட்டோடு சரிசெய்வதும் தவறு. வேலை செய்யும்போது செயின் நீளும். அப்போது இறுக்கி, அப்படியே வைத்துவிட்டால் ஆறும்போது சுருங்கிப் பாரையும் மோட்டார் தண்டையும் நெரிக்கும். ஆறிய பிறகு கையுறையோடு இழுத்தால் தடையில்லாமல் நகர வேண்டும், அடியில் தொங்கக் கூடாது. அவ்வளவுதான் கணக்கு. புதுச் செயினை முதல் சில தடவை அடிக்கடி பார்க்க வேண்டும். பாரை அவ்வப்போது தலைகீழாகத் திருப்பிப் போட்டால் இரண்டு பக்கமும் சமமாகத் தேயும்.

வாசலைக் கழுவும் குழாயாலேயே மெஷினையும் கழுவிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். பழைய பிரஷ், உலர்ந்த துணி போதும். மரத்தூளும் எண்ணெயும் கலந்த களி பல்சக்கர மூடிக்குள் திரண்டு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இங்கே காற்றே ஈரம், துரு பிடிக்க மழையில் நனைய வேண்டியதில்லை. தூளோடு உறைக்குள் சொருகாமல் துடைத்து, எண்ணெய் தடவி வையுங்கள். தென்னை மட்டை வெட்டினால் நார் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும், அன்றே எடுத்துவிடுங்கள்.

வயர் வகையில் மெல்லிய நீட்டிப்பு வயர்தான் எமன். 2,000 வாட் மெஷின் நம் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். சுருளாகவே வைத்து ஓட்டினால் வயர் சூடேறும், முழுவதும் அவிழ்த்துவிடுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி 2025 ஜூலை 1க்குள் எல்லா வீடுகளிலும் இருக்க வேண்டும் என்பது விதி. வெட்டத் தொடங்கும் முன் அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்ப்பது நல்லது.

பேட்டரியைச் சூட்டோடு சார்ஜில் போடாதீர்கள். தூங்கப் போகும்போதும் போடாதீர்கள். வெயிலில் காயும் தகரக் கொட்டகையில் வைக்காமல், பாதி சார்ஜோடு வீட்டுக்குள் வையுங்கள். உப்பியிருந்தால் அதைப் பயன்படுத்தவே கூடாது.

மரப் பாதுகாப்பு வட்டாரத்தில் வீடு இருந்து, மரத்தின் சுற்றளவு 1 மீட்டருக்கு மேல் இருந்தால், வெட்டும் முன் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். அந்த அளவு மரம் இந்தச் சின்ன மெஷினுக்கு வேலையும் அல்ல.

அப்புறம், மெஷின் ஓடவே இல்லை என்று கடைக்குத் தூக்கிப் போகும் முன், கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் தடுப்பைப் பாருங்கள். அது முன்னோக்கிச் சாய்ந்திருந்தால் பிரேக் போட்டிருக்கிறது. உங்கள் பக்கம் இழுத்துவிட்டு, மறுபடி விசையை அழுத்திப் பாருங்கள்.