தடுப்பூசிக்குத் தயங்குபவரிடம் பேசும் முறை

பெருந்தொற்றுக் காலத்தில் தடுப்பூசிக்குத் தயங்குபவரையும் அதை அடியோடு எதிர்ப்பவரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசத் தொடங்கினால், பேச்சு தொடங்கிய இடத்திலேயே முறிந்துவிடும். உலக சுகாதார அமைப்பு, கொரோனா பரவுவதற்கு முன்பே, 2019-இல் இத்தயக்கத்தை உலக நலத்துக்கான பத்து அச்சுறுத்தல்களில் ஒன்றாகக் குறிப்பிட்டது. நம்பிக்கைக் குறைவு, நோயைப் பற்றிய அலட்சியம், ஊசி எளிதில் கிட்டாமை என்று அதன் காரணங்களை மூன்றாகப் பிரிப்பதுண்டு. எனவே எதையும் விளக்குவதற்கு முன், எது தடுக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விடுப்பு கிடைக்காமல் தள்ளிப்போடுபவருக்கு அறிவியல் பாடம் நடத்திப் பயனில்லை. உடன் வர ஓர் ஆள் இருந்தால் போதும்.

“கொரோனா ஊசியை இவ்வளவு விரைவில் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?” என்பது நியாயமான கேள்வியே. வைரஸின் ஒரு புரதத்தை உடலே உண்டாக்குவதற்கான குறிப்பைத் தரும் எம்ஆர்என்ஏ தடுப்பூசிக்கு அடிப்படையான ஆய்வை அறிவியலாளர்கள் கத்தலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் 2005-இலேயே வெளியிட்டிருந்தனர். அதற்காகவே 2023-இல் நோபல் பரிசும் பெற்றனர். பல பரிசோதனைக் கட்டங்கள் ஒன்று முடியும்வரை மற்றொன்று காத்திராமல் அடுத்தடுத்துத் தொடங்கப்பட்டன என்பதையும், முடிவு தெரியும் முன்பே உற்பத்திக்குப் பணம் இறக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இப்படி மிச்சம் பிடித்த காலம் பெரும்பாலும் காத்திருப்பில் கழிந்திருக்க வேண்டிய காலம்.

பக்கவிளைவுகளை மறைக்கவே கூடாது. எம்ஆர்என்ஏ ஊசிக்குப் பின், குறிப்பாக இளம் ஆண்களிடம், இதயத்தசை அழற்சி அரிதாகக் காணப்பட்டது. தீங்கற்றதாக மாற்றிய வேறொரு வைரஸின் வழியே அத்தகைய குறிப்பைச் செலுத்தும் அடினோவைரஸ் வகை ஊசிக்குப் பின் அரிதாக ரத்த உறைவும் ஏற்பட்டது. 2021-இல் கண்காணிப்பில் இவை தெரியவந்ததும் சில நாடுகள் வயது வரம்பையே மாற்றின. “ஒன்றும் ஆகாது” என்று உறுதி கூறியவரின் பேச்சு, இச்செய்தி காதில் விழுந்த அன்றே மதிப்பிழந்துவிடும்.

“மருத்துவமனையில் கிடப்பவர்களில் பாதிப்பேர் ஊசி போட்டவர்களாமே” என்பவரிடம் வாதாடாமல் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். வாய்க்கணக்கில் இது எளிதில் பிடிபடாது. எனக்கே முதலில் பிடிபடவில்லை. ஆயிரம் பேரில் 900 பேர் போட்டுக்கொண்டார்கள், 100 பேர் போட்டுக்கொள்ளவில்லை என்று வைத்துக்கொள்வோம். இரு தரப்பிலும் தலா பத்துப் பேர் மருத்துவமனையில் சேர்ந்தால், அங்கே பாதிக்குப் பாதிதான் தெரியும். ஆனால் முதல் தரப்பில் 90 பேரில் ஒருவரும், இரண்டாம் தரப்பில் 10 பேரில் ஒருவரும் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள். முதியோர் முதலில் போட்டுக்கொண்டிருந்தால், வயதுவாரியாகப் பிரித்தே ஒப்பிட வேண்டும்.

ஒரே அமர்வில் எல்லா ஐயங்களையும் தீர்த்துவிட முயலாதீர்கள். கடும் ஒவ்வாமை இருந்தவராயின் மேற்கொண்டு நீங்கள் பேச வேண்டாம். ஊசிக்கு முன்பே அதை மருத்துவரிடம் சொல்லும்படி அனுப்பிவையுங்கள்.