கடல் உள்வாங்கும் இரண்டு மணி நேரம்: ஓதக் கரையில் உயிரினங்களைப் பார்ப்பது எப்படி?

வெப்பமண்டலக் கடற்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடைப்பட்ட பகுதியைப் பார்க்க முதல்முறை போனபோது, கடல் ஏறி இறங்கும் நேரங்களைத் தரும் ஓத அட்டவணையில் வற்றம் என்று போட்டிருந்த நிமிடத்தில் சரியாகக் கரையில் நின்றேன். தண்ணீர் பாறைகளை விட்டு இறங்கவே இல்லை. ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு ஏமாற்றத்தோடு திரும்பினேன். ஒன்பது நாள் கழித்து அதே இடத்துக்குப் போனால், முழங்காலளவு தண்ணீர் நின்ற தரையெல்லாம் வெளியே தெரிந்தது. கடற்சாமந்தி, கடல் அட்டை, ஊதா நிறக் கடற்பஞ்சு என்று கால் வைக்க இடமில்லாத அளவுக்கு உயிர்கள். இடம் மாறவில்லை, நாள்தான் மாறியிருந்தது. அதனால் இந்த விளக்கத்தில் பாதி நாள் பார்ப்பதைப் பற்றியே இருக்கும்.

படி 1: நாளைத் தேர்ந்தெடுங்கள்

நான் முதலில் போனது அட்டமி நாள். நிலவு பாதியாகத் தெரியும் நாட்களில் சூரியனும் நிலவும் கடலை வெவ்வேறு திசைகளில் இழுப்பதால், ஏற்றமும் குறைவு, வற்றமும் குறைவு. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் இரண்டும் ஒரே கோட்டில் இழுக்கின்றன. அப்போதுதான் கடல் நன்றாக உள்வாங்கும். பெரும்பாலான கரைகளில் உச்ச வற்றம் அமாவாசை, பௌர்ணமிக்கு ஓரிரு நாள் பின்னால் வரும். எனவே நாட்காட்டியை மட்டும் நம்ப வேண்டாம். ஓத அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள்.

அட்டவணையில் நேரத்தைவிட முக்கியம் அதன் பக்கத்தில் மீட்டரில் இருக்கும் உயரம். நான் கவனிக்காமல் விட்டது அதைத்தான். பெரும்பாலான அட்டவணைகளில் பூச்சியம் என்பது சராசரிக் கடல் மட்டம் அல்ல. அந்தக் கரையில் கடல் இறங்கக்கூடிய மிகத் தாழ்ந்த மட்டத்துக்கு அருகில் வைக்கப்பட்ட குறி. ஆகவே எண் பூச்சியத்தை எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு நல்லது. ஒரு மாதப் பட்டியலை எடுத்து, மிகச் சிறிய எண்கள் உள்ள நான்கைந்து நாட்களைக் குறித்துவையுங்கள். ஒரே நாளின் இரண்டு வற்றங்களும் சமமாக இருக்க வேண்டியதில்லை: காலையில் 0.2 மீட்டர் வரை இறங்கும் கடல் இரவில் 0.9 மீட்டரோடு நின்றுவிடலாம்.

படி 2: வற்றத்துக்கு முன்பே போய்ச் சேருங்கள்

குறித்த நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே கரையில் இருங்கள். இறங்கும் தண்ணீரின் பின்னாலேயே நடந்தால், ஒவ்வொரு மட்டமும் வெளிப்பட்ட உடனே பார்க்கலாம். தண்ணீர் ஏறத் தொடங்கியதும் கரையை நோக்கித் திரும்பிவிடுங்கள். ஏற்றம் ஒரே வேகத்தில் வராது. ஆறு மணி நேர ஏற்றத்தை பன்னிரண்டு பங்காக வைத்துக்கொண்டால், முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மூன்று மூன்று பங்கு உயரும். 'மெதுவாகத்தானே ஏறுகிறது' என்று நிற்பவர்களைச் சிக்கவைப்பது அந்த நடு நேரம்தான். கைப்பேசியில் அலாரம் வைத்துவிட்டு இறங்குங்கள்.

படி 3: கருவிகள்

தடித்த அடிப்பாகமும் விரல் மூடிய முன்பக்கமும் உள்ள, கயிறு கட்டும் பழைய ஷூதான் சிறந்தது. நீச்சலுக்கான மெல்லிய ரப்பர் காலணியைப் பலர் சொல்கிறார்கள்; கடல் முள்ளெலியின் முள் அதற்குள் எளிதாக இறங்கிவிடும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது, தட்டையான அடிப்பாகமுள்ள, கண்ணாடிபோல் தெளிவான பிளாஸ்டிக் டப்பா. பாறைகளுக்கிடையே தேங்கி நிற்கும் குட்டையின் நீர்ப்பரப்பில் அதை லேசாக அழுத்திப் பிடித்தால் பளபளப்பும் சிற்றலையும் மறைந்து, அடித்தரை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தெரியும். விலை உயர்ந்த கேமராவைவிட எனக்கு அதிகம் காட்டியது இந்த டப்பா.

தொப்பி, தண்ணீர் எல்லாம் சொல்ல வேண்டியதில்லை. வெயிலுக்குப் பூசும் கிரீம் கையில் இருந்தால் குட்டைக்குள் கை விடாதீர்கள்.

படி 4: உட்காருங்கள்

புதியவர்கள் எல்லோரும் நடந்துகொண்டே இருக்கிறார்கள். நடப்பவர் கண்ணுக்குப் பாறையும் பாசியும்தான் படும். நிழல் குட்டையின் மேல் விழாதபடி சூரியனைப் பார்த்து அமர்ந்து, பத்து நிமிடம் அசையாமல் இருங்கள்.

ஒருமுறை அப்படி உட்கார்ந்தபோது, முதலில் கண்ணாடி போன்ற இறால் ஒன்று ஓரத்தில் நகர்ந்தது. அதன் உடல் தெரியவில்லை, இரண்டு கண்களும் ஒரு புள்ளியும்தான். பிறகு ஒரு பொந்தின் வாயில் நண்டு ஓட்டுத் துண்டுகள் குவிந்திருப்பதைக் கவனித்தேன். யாரோ சாப்பிட்டுவிட்டு வாசலில் போட்டதுபோல் இருந்தது. குவியலுக்கு மேலிருந்த கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கல்லில் ஒரு கோடு விரிந்தது. அது பேய்க்கணவாயின், அதாவது ஆக்டோபசின் கண், படுக்கைவாட்டில் நீண்ட கண்பாவை. பழுப்பாக இருந்த தோல் என் கண்முன்னேயே மணலின் வெளிர்நிறத்துக்கு மாறியது. இன்றும் எந்தக் குட்டைக்குப் போனாலும் முதலில் ஓட்டுக் குவியலைத்தான் தேடுகிறேன்.

தண்ணீர் நின்ற பாறையில் கொட்டலசுகள் இருந்தால் அவற்றையும் பாருங்கள். சுண்ணாம்புக் கூம்புபோல் ஒட்டியிருப்பதால் சிப்பி வகை என்று நினைப்போம். உண்மையில் அவை நண்டு, இறாலின் உறவுகள். தண்ணீர் மூடியதும் உச்சி திறந்து, இறகு போன்ற கால்கள் வெளியே வந்து இரையை வாரும்.

படி 5: கல்லைப் புரட்டினால், திரும்ப வையுங்கள்

ஒரு கையால் தூக்கக்கூடிய கல்லை மட்டும் தொடுங்கள். மெதுவாக உங்கள் பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். அரை நிமிடம் போதும். பிறகு அதே இடத்தில், அதே பக்கம் கீழாக வைத்துவிடுங்கள். அடியில் ஒட்டி வாழ்பவை வெயிலில் காய்ந்து சாகும். மேலே வளரும் பாசி அடியில் மாட்டினால் அழுகும். புரட்டிப் போட்ட கற்களைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் கனக்கிறது.

தொடக்கூடாதவை

அழகான வரிகளோடு கூம்பு வடிவில் இருக்கும் கூம்புச் சங்கை எந்தப் பக்கமும் பிடிக்காதீர்கள். அதன் நச்சுப் பல் ஓட்டின் பக்கவாட்டையும் எட்டும், சில இனங்கள் மனிதனைக் கொல்லும். உள்ளங்கைக்குள் அடங்கும் நீலவளையப் பேய்க்கணவாயின் கடி வலிக்காமலே இருக்கலாம், ஆனால் மூச்சை நிறுத்திவிடும். இந்த இரண்டுக்கும் மருத்துவமனைதான். மூச்சு நின்றால் போய்ச் சேரும்வரை செயற்கைச் சுவாசம் கொடுக்க வேண்டும். கல்போலவே தோன்றும் கல்மீனின் முதுகில் 13 நச்சு முட்கள் உண்டு. கல்மீனோ திருக்கையோ குத்தினால், குத்திய இடத்தை 45 டிகிரி செல்சியசைத் தாண்டாத வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் வைத்தால் வலி தணியும். சூட்டைக் காயமில்லாத கையால் சோதித்துக்கொண்டு, கூடவே மருத்துவ உதவியும் தேடுங்கள். மணல் தரையில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் திருக்கை தானே விலகிவிடும்.

பின்சேர்க்கை 1: அட்டவணைப்படியே போயும் தண்ணீர் இறங்கவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அட்டவணை சூரியனையும் நிலவையும் மட்டுமே கணக்கிடுகிறது. காற்றழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் கடல் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் உயரும்; கரையை நோக்கி வீசும் காற்றும் தண்ணீரைத் தேக்கிவைக்கும். சில அட்டவணைகள் உள்ளூர் நேரத்தில் இல்லாமல் உலகப் பொது நேரத்தில் (UTC) இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தாய்லாந்து வளைகுடாவின் பல பகுதிகளைப்போல் நாளுக்கு ஒரே வற்றம் வரும் கடல்களும் உண்டு.

பின்சேர்க்கை 2: காலிச் சங்கை எடுத்துவரலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஒரு வாசகர் கொண்டுவந்த 'காலிச்' சங்கு இரவில் பைக்குள் நகர்ந்ததாம். உள்ளே, காலிச் சங்கை வீடாக்கிக்கொள்ளும் துறவி நண்டு. உண்மையிலேயே காலியாக இருந்தாலும் எடுக்க வேண்டாம். நல்ல சங்கு ஒன்று கிடந்தால் அதன் பக்கத்தில் துறவி நண்டுகள் பெரியது முதல் சிறியது வரை வரிசையாக நிற்பதுண்டு. பெரியது புதிய சங்குக்குள் புகுந்ததும், அது விட்ட சங்குக்குள் அடுத்தது, அது விட்டதற்குள் அதற்கடுத்தது என்று மொத்த வரிசையும் சில நொடிகளில் வீடு மாறிவிடும். கடைசியில் நிற்கும் குட்டி நண்டு கழற்றிப்போட்ட ஓட்டையும் உடைசலுமான சங்கு மட்டும்தான் அங்கே கிடக்கும்.