டிஜிட்டல் ஆதாரத்தை நாமே கெடுத்துக்கொள்ளும் வழிகள்

சிங்கப்பூரில் ஒரு சிறிய நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியல் வெளியே போய்விட்டதாகச் சந்தேகம் எழுந்தால் பெரும்பாலும் நடப்பது இதுதான். வேலையை விட்டுப் போனவரின் மடிக்கணினியை எடுத்துவரச் சொல்வார் முதலாளி. ஐடி தம்பி பாஸ்வேர்டை மாற்றி உள்ளே நுழைவார். மனிதவளப் பிரிவிலிருந்து ஒருவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார். நாலைந்து கோப்புகளைத் திறந்ததும் "பாருங்க, இங்கேயே இருக்கு!" என்று சத்தம் வரும். உடனே கைப்பேசியில் ஒரு படம், வாட்ஸ்அப் குழுவில் ஒரு பதிவு. வழக்கறிஞரோ தடயவியல் நிபுணரோ வந்து சேர்வதற்குள் பாதி கெட்டுப்போயிருக்கும். இத்தனைக்கும் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்திருக்காது.

விசாரணைக்காரர்கள் 'செயின் ஆஃப் கஸ்டடி' என்று சொல்வது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஓர் ஆதாரம் கிடைத்த நிமிடத்திலிருந்து நீதிமன்றத்தில் வைக்கப்படும் நாள் வரை யார் கையில் இருந்தது, யாரிடம் போனது, எதற்காகப் போனது, அதை வைத்து என்ன செய்தார்கள் என்ற இடைவெளியில்லாத பதிவு. நான் பார்த்தவரை, அந்தச் சங்கிலி அறுவது ஆய்வகத்தில் அல்ல. முதல் சில மணி நேரத்தில், நம் அலுவலக மேசையிலேயே அறுந்துவிடுகிறது.

சட்டத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். தமிழில் இதைப் பற்றித் தேடினால் பெரும்பாலும் இந்தியச் சட்டம்தான் வந்து நிற்கும்: மின்னணு ஆதாரத்தோடு தர வேண்டிய '65பி சான்றிதழ்' இல்லாவிட்டால் எதுவும் செல்லாது என்பார்கள். அங்கேயே அது 2024 ஜூலை முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவாகிவிட்டது. இங்கே நிலைமை வேறு. கணினி வெளியீட்டுக்கென்று சிங்கப்பூர் சாட்சியச் சட்டத்தில் இருந்த தனி நிபந்தனைகளை 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் எடுத்துவிட்டது. இப்போது 116ஏ பிரிவில் சில அனுமானங்கள் இருக்கின்றன. ஒழுங்காகப் பயன்படுத்தினால் சரியான பதிவைத் தரக்கூடிய கருவி என்று காட்டிவிட்டால், அது சரியாகவே வேலை செய்தது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். எதிர்த்தரப்பு சந்தேகம் கிளப்பும்வரை அது நிற்கும்.

அதே பிரிவில் பலர் கவனிக்காத இன்னொன்று இருக்கிறது. வழக்கில் சம்பந்தப்படாத மூன்றாம் தரப்பு, உதாரணத்துக்கு வங்கியோ தொலைபேசி நிறுவனமோ, தன் வழக்கமான தொழிலின் போக்கில் உருவாக்கிய பதிவு உண்மையானது என்று அனுமானிக்கப்படும். எதிர்த்தரப்பே உருவாக்கி வைத்திருந்த பதிவுக்கும் அப்படி ஒரு சலுகை உண்டு. நீங்களே சேகரித்து, நீங்களே பூட்டி வைத்து, உங்களுக்குச் சாதகமாக நீட்டும் பதிவுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதனால்தான் சொந்தக் கணினியிலிருந்து எடுத்ததற்குக் கைமாற்றப் பதிவு இத்தனை முக்கியமாகிறது.

திறந்து பார்ப்பதுதான் முதல் தவறு

அணைந்திருந்த மடிக்கணினியை இயக்கினாலே போதும், விண்டோஸ் தன் பாட்டுக்கு ஏராளமான கோப்புகளில் எழுதத் தொடங்கிவிடும். லாக் பதிவுகள் வளரும், கோப்புகளின் நேரக்குறிகள் நகரும், நிலுவையில் இருந்த அப்டேட் இறங்கும். இப்போதைய எஸ்எஸ்டி வட்டுகளில் இன்னொரு சிக்கல்: அழிக்கப்பட்ட கோப்பின் மிச்சத்தை டிரிம் என்ற வசதி தானாகவே துடைத்துவிடும். வட்டுக்கு மின்சாரம் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் மீட்கக்கூடியது குறைந்துகொண்டே போகலாம்.

எனவே அணைந்திருந்தால் அணைந்தபடியே இருக்கட்டும். இயங்கிக்கொண்டிருந்தால் சட்டென்று அணைத்துவிடவும் வேண்டாம். நினைவகத்தில் இருப்பது போய்விடும். வட்டு பிட்லாக்கரால் (விண்டோஸின் மறைகுறியாக்கப் பூட்டு) பூட்டப்பட்டிருந்து மீட்புச் சாவி யாரிடமும் இல்லாவிட்டால் உள்ளே போகும் வழியே அடைபடும். திரையைப் படம் எடுங்கள், நேரத்தைக் குறியுங்கள், தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் மாதிரி ஏதோ ஓடிக்கொண்டிருந்தால் வலையமைப்பிலிருந்து மட்டும் துண்டியுங்கள்.

"கோப்புகளை மட்டும் தம்ப் டிரைவில் காப்பி எடுத்துட்டோம்" என்பார்கள். இழுத்துப் போட்டு எடுக்கும் காப்பியில் உருவாக்கிய நேரம் மாறிவிடும். அழிக்கப்பட்டவை வராது. முறையான வழி, வட்டில் எதையும் எழுதவிடாத ரைட் பிளாக்கர் என்ற கருவி வழியாக வட்டை முழுமையாகப் பிம்பமெடுப்பது, அதாவது அழிக்கப்பட்டவற்றின் மிச்சம் உட்பட அப்படியே நகலெடுப்பது. ஒரு சின்னத் தகராறுக்கு இதெல்லாம் அதிகச் செலவு என்று தோன்றினால் அது நியாயமே. அப்போதும் குறைந்தபட்சம் அந்தக் கணினியை அடுத்த ஊழியருக்குக் கொடுக்காமல் உறையில் போட்டு மூடி வையுங்கள். பிறகு தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம்.

மாதக் கட்டணம் மிச்சம், ஆதாரம் காலி

வட்டைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள்கூட மேக (கிளவுட்) கணக்கை மறந்துவிடுகிறார்கள். ஊழியர் விலகியதும் லைசன்ஸ் கட்டணத்தை மிச்சம்பிடிக்க, கையோடு கணக்கை நீக்கிவிடுவது நம் ஊர் வழக்கம். மைக்ரோசாஃப்ட் 365-இல் நீக்கிய பயனரை 30 நாள் வரை மீட்கலாம், கூகுள் வொர்க்ஸ்பேஸில் 20 நாள்தான். போட்டி நிறுவனத்தில் அவர் சேர்ந்த செய்தி உங்கள் காதுக்கு எட்டும்போது அந்தக் கெடு எப்போதோ முடிந்திருக்கும். யார் எந்தக் கோப்பைப் பதிவிறக்கினார் என்று சொல்லும் தணிக்கைப் பதிவும் காலவரையுடையதுதான். மைக்ரோசாஃப்ட் 365-இன் சாதாரணத் திட்டத்தில் 180 நாள்.

கணக்கை நீக்காமல் முடக்குங்கள். அஞ்சல் பெட்டியில் எதுவும் அழியாமல் நிறுத்திவைக்கும் சட்டக் காப்பு (லீகல் ஹோல்ட்) போடும் வசதி உங்கள் திட்டத்தில் இருந்தால் அதைப் போடுங்கள். தணிக்கைப் பதிவை அன்றைக்கே ஏற்றுமதி செய்து வையுங்கள். மின்னஞ்சலை உங்களுக்கே ஃபார்வர்டு செய்து அதையே ஆதாரம் என்று வைத்திருப்பதும் பரவலான பிழை. எந்தச் சர்வர்களைக் கடந்து வந்தது என்று காட்டும் தலைப்பு விவரங்கள் ஃபார்வர்டில் வராது. மூல வடிவத்தில் சேமிக்க வேண்டும்.

கேமரா காட்சியும் எட்டு மணி நேரக் குழப்பமும்

கண்காணிப்புக் கேமராப் பதிவுகளில் இரண்டு தவறுகள் மாறி மாறி வரும். ஒன்று, தாமதம். பதிவுப் பெட்டியின் வட்டு நிறைந்ததும் பழையதன் மேல் புதியது எழுதப்படும். சில பெட்டிகளில் அது ஒரு மாதம், சிலவற்றில் அதைவிடக் குறைவு. கொண்டோமினிய நிர்வாக முகவரிடம் போனில் கேட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பதைவிட, தேதியும் நேரமும் கேமரா இருக்கும் இடமும் குறிப்பிட்டு, பாதுகாத்து வைக்கும்படி அன்றே எழுத்தில் அனுப்புவது மேல்.

இன்னொன்று, பாதுகாவலர் அறையில் ஓடும் திரையையே கைப்பேசியில் படம்பிடிப்பது. மங்கலாக இருக்கும் என்பது சின்னக் குறைதான். மூலக் கோப்பில் இருக்கும் பதிவு விவரம் எதுவும் அதில் கிடையாது, எங்கே வெட்டப்பட்டது என்றும் தெரியாது. அதை வாட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பினால் சுருங்கி இன்னும் மோசமாகும். பெட்டியின் சொந்த வடிவத்திலேயே ஏற்றுமதி செய்து, அதை ஓட்டும் மென்பொருளையும் சேர்த்து வாங்குங்கள்.

அங்கே நிற்கும்போதே பெட்டியின் கடிகாரத்தையும் உங்கள் கைப்பேசி நேரத்தையும் ஒரே படத்தில் பிடித்துவிடுங்கள். பத்து நிமிடம் பிந்தி ஓடும் பெட்டிகள் சர்வ சாதாரணம். பிந்துவதால் ஆதாரம் செத்துவிடாது. எவ்வளவு பிந்துகிறது என்று யாரும் அன்றே குறித்து வைக்காததுதான் பிறகு குறுக்கு விசாரணையில் வெடிக்கும்.

நேரம் என்றதும் இதையும் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூர் நேரம் உலகப் பொது நேரத்தைவிட 8 மணி நேரம் முன்னால். மேகச் சேவைகளின் பதிவுகள் பெரும்பாலும் பொது நேரத்தில்தான் இருக்கும். கேமரா உள்ளூர் நேரத்தைக் காட்டும். விண்டோஸ் வட்டின் என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு அமைப்பு பொது நேரத்தைச் சேமிக்கும், பழைய தம்ப் டிரைவின் ஃபேட்32 அமைப்பு உள்ளூர் நேரத்தைச் சேமிக்கும். செவ்வாய் அதிகாலை 1 மணிக்கு நம் அலுவலகத்தில் நடந்தது, சர்வர் பதிவில் திங்கள் மாலை 5 மணி என்று இருக்கும். இதைக் கலந்து காலவரிசை எழுதினால், விடுப்பில் இருந்த ஆளின் மேல் பழி விழும். எந்த நேரத்தை எழுதினாலும் அது எந்த மண்டலம் என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.

ஹேஷ் போட்டாச்சு, அப்புறம்?

கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் முற்றிலும் வேறாகிவிடும் நீளமான எண்தான் ஹேஷ். அதைக் கணக்கிடும் முறைகளில் ஒன்றான எஸ்ஹெச்ஏ-256 என்றால் 64 எழுத்து வரும். விண்டோஸின் பவர்ஷெல்லிலேயே போடலாம், காசு கொடுத்து மென்பொருள் வாங்கத் தேவையில்லை. பழைய முறையான எம்டி5-ஐ மட்டும் நம்பியிருப்பது இன்றைக்குப் பொருந்தாது. ஒரே எம்டி5 மதிப்புள்ள இரண்டு வெவ்வேறு கோப்புகளை உருவாக்க முடியும் என்று 2004-லேயே காட்டிவிட்டார்கள். எஸ்ஹெச்ஏ-1-க்கும் 2017-இல் அதே கதி.

ஆனால் ஹேஷைப் பற்றி மக்களுக்கு அளவுக்கு மீறிய நம்பிக்கை இருக்கிறது. கணக்கிட்ட நேரத்திலிருந்து கோப்பு மாறவில்லை என்பதை மட்டுமே அது சொல்லும். அதற்கு முன்னால் யாராவது திருத்தியிருந்தால் திருத்திய கோப்புக்கும் அழகான ஹேஷ் வரும். வாங்கி மூன்று வாரம் கழித்துப் போட்டால் அந்த மூன்று வாரத்துக்கு அது சாட்சி ஆகாது. அதைவிட வேடிக்கை, கோப்பு இருக்கும் அதே தம்ப் டிரைவில் ஹேஷையும் ஒரு குறிப்புக் கோப்பாகப் போட்டு வைப்பது. கோப்பை மாற்றத் தெரிந்தவருக்குக் குறிப்பை மாற்றத் தெரியாதா? ஹேஷை எடுத்த கையோடு கைமாற்றப் பதிவுப் படிவத்தில் எழுதி, வழக்கறிஞருக்கு ஒரு மின்னஞ்சலும் அனுப்பிவிட்டால் அதற்கென்று தனிச் சாட்சி உண்டாகிவிடும்.

படிவத்தில் 'ஐடி பிரிவு' என்று எழுதாதீர்கள்

பிரிவு சாட்சிக் கூண்டில் ஏறாது. ஆள் பெயர் வேண்டும். அதே போல் 'கறுப்பு மடிக்கணினி ஒன்று' என்பதும் விவரம் ஆகாது. சிராங்கூன் சாலை அடகுக் கடையில் ஒரு சங்கிலியை வைத்தால்கூட எடை, தரம் எல்லாம் எழுதித்தான் சீட்டுத் தருகிறார்கள். தயாரிப்பு, மாடல், வரிசை எண், உறையின் முத்திரை எண், வெளியே தெரியும் கீறல் வரை எழுதுங்கள். பல நகல்கள் இருந்தால் மூலம் எது, நகல் எது, எந்த நகலில் ஆய்வு நடந்தது என்பதும் தெரிய வேண்டும்.

கொடுத்தவர், வாங்கியவர் இருவரும் அந்த இடத்திலேயே கையெழுத்திட வேண்டும். வழக்கு வரப்போகிறது என்று தெரிந்த பிறகு ஒரே நாளில், ஒரே பேனாவில், ஆறு மாதக் கைமாற்றங்களை நிரப்பிய படிவங்கள் உண்டு. அதைவிட வெற்றுப் படிவமே பரவாயில்லை. விட்டுப்போனதை விட்டுப்போனது என்றே எழுதி, அன்றைய தேதியிட்டு விளக்கம் சேர்க்கலாம். பூட்டிய அலமாரியின் சாவி வரவேற்பு மேசை இழுப்பறையில் கிடந்தால் அது பூட்டியதாகக் கணக்கில் வராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள் 2018-இல் நம் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு போதைப்பொருள் வழக்கைப் படிக்கலாம். கைப்பற்றிய பொருள்கள் குறிப்பிட்ட நேரத்தில் எந்த அதிகாரியிடம் இருந்தன என்பதில் சாட்சியங்கள் முரண்பட்டன. சங்கிலி அறுபடவில்லை என்று நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புக்கே என்றது நீதிமன்றம். மரண தண்டனைக்குரிய குற்றச்சாட்டுகள் நிற்கவில்லை. நிறுவனத் தகராறு குற்ற வழக்கு அளவுக்குக் கறாராக இருக்காது. ஆனால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் கேள்வி அதேதான்.

கைப்பேசியும் வாட்ஸ்அப்பும்

சம்பளப் பாக்கி, மிரட்டல், மோசடி எதுவானாலும் நம்மவர்கள் முதலில் நீட்டுவது ஸ்கிரீன்ஷாட்டைத்தான். தவறில்லை. ஆனால் மேலே 'பாஸ்' என்று மட்டும் தெரியும் உரையாடல் யாருடையது என்று எப்படிச் சொல்வது? பெயரை யார் வேண்டுமானாலும் எப்படியும் சேமிக்கலாம். தொடர்பு விவரப் பக்கத்தைத் திறந்து எண் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். உரையாடலை முழுமையாக ஏற்றுமதி செய்யுங்கள், நமக்குச் சங்கடமான வரிகள் உட்பட. எதிரில் இருப்பவர் 24 மணி நேரத்தில் மறையும் செய்தி வசதியைப் போட்டிருந்தால் நாளைக்குச் செய்யலாம் என்று தள்ள முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் கைப்பேசியைக் காப்பாற்றுங்கள். வேலை முடிந்து ஊருக்குப் போகும் அவசரத்தில் அதைத் துடைத்து விற்றுவிடுகிறார்கள். வேலையை விட்டவர் சம்பளக் கோரிக்கையை 6 மாதத்துக்குள் பதிய வேண்டும், ஆக அத்தனை நாளும் அது கைவசம் இருக்க வேண்டும். மோசடிக்கு ஆளானவர்கள் வெட்கத்தில் உரையாடலை அழிப்பதும் அடிக்கடி நடக்கிறது. போலீசுக்கு வேண்டிய கணக்கு எண்ணும் இணைப்பும் அதற்குள்தான் இருக்கும்.

நிறுவனம் கொடுத்த கைப்பேசியைத் திரும்பப் பெற்றால் அதையும் இழுப்பறையில் போட்டுவிடாதீர்கள். வலையமைப்பில் இருந்தால் அதில் உள்ளதை யாராவது தொலைவிலிருந்தே அழித்துவிட முடியும். பூட்டு திறந்திருந்தால் ஏரோபிளேன் மோடில் வைத்து நிபுணரிடம் சீக்கிரம் கொடுங்கள். புதிய ஐபோன்கள் மூன்று நாள் தொடாமல் கிடந்தால் தானே மறுதொடக்கமாகி, உள்ளே நுழைவதைக் கடினமாக்கிவிடும்.

கடைசியாக, எல்லை தாண்டுவது. அலுவலக மடிக்கணினியில் அந்த ஊழியரின் சொந்த ஜிமெயில் திறந்தபடியே இருக்கும். கணினி நம்முடையதுதானே என்று உள்ளே போய்ப் படிக்கத் தோன்றும். கணினி நம்முடையது, கணக்கு அவருடையது. அனுமதியில்லாத அணுகல் கணினி முறைகேட்டுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவின் கீழ் குற்றமாகலாம். முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை அல்லது இரண்டும். புகார் கொடுக்கப் போனவர் மேலேயே புகார் திரும்பும். அந்தப் பக்கம் திறந்திருந்தது என்று குறித்துக்கொண்டு வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று முறைப்படி கேட்டுப் பெற நீதிமன்றத்துக்கு வழிகள் உண்டு.